பெரியம்மாவுக்கு எதற்கு வீடியோ கேம்?

என் பெரியம்மா பீடி, சுருட்டு எதையும் தொட்டவர் அல்லர். நாற்பது ஆண்டுகள் விறகடுப்பை ஊதியவர். மழைக்காலத்தில் ஈர விறகு, மற்ற நாளில் கருவேலம் சுள்ளி. அறுபத்தெட்டு வயதில் மூச்சு முட்டி, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீடு திரும்பியபோது, டிஸ்சார்ஜ் சீட்டில் ‘சிஓபிடி’ என்று எழுதியிருந்தது. தமிழில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்கிறோம். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இழுப்பு, இரைப்பு, இப்போது புதிதாக ‘வீசிங்’.

இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று நர்ஸ் இரண்டு முறை செய்துகாட்டினார். அந்த மட்டில் நல்லது. சீட்டின் கடைசி வரியில், தினமும் உடற்பயிற்சி செய்யவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. என்ன பயிற்சி, எத்தனை நிமிடம், மூச்சு வாங்கினால் நிறுத்துவதா தொடர்வதா என்று நாங்களும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. பின்னால் நாற்பது பேர் நிற்கும் வரிசையில் கேட்டிருந்தாலும் பதில் சொல்ல யாருக்கு நேரம்? பெரியம்மா தன் முடிவைத் தானே எடுத்துக்கொண்டார்: மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிடு. தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போவது முதலில் நின்றது. பிறகு வாசல் தெளிப்பது, பிறகு கொல்லைப்புறம். ஓராண்டில் அவர் நடமாட்டம் கட்டிலுக்கும் கழிவறைக்கும் இடையே பத்தடியாகச் சுருங்கிப்போனது.

போன பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து வந்த பேரன், பெட்டியைத் திறந்து துணிக்கு முன்னால் ஒரு வீடியோ கேமை எடுத்தான். கூடத்து டிவியில் வயரைச் சொருகி, கையில் ரிமோட் மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வெறும் காற்றில் பந்து உருட்டினான். திரையில் பத்துக் கட்டைகள் சரிந்தன. “பாட்டி, நீ ஒண்ணு போடு” என்றான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மணிக்கட்டில் கயிற்றை மாட்டிவிட்டு, அவர் கையைப் பிடித்து ஒருமுறை வீசிக் காட்டினான். முதல் பந்து ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது. இரண்டாவதும். மூன்றாவதில் ஏழு கட்டைகள். அன்று மூன்று பந்தோடு சரி. மறுநாள் நாலு மணிக்கு, “அந்தப் பெட்டியைப் போடுடா” என்று அவராகவே கேட்டார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுநடுவே நின்று மூச்சு வாங்கிக்கொண்டாலும் பன்னிரண்டு நிமிடம் ஆடினார். நான்காம் நாள் எழுந்து நின்று, நாற்காலியின் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வீசினார். முந்தைய ஓராண்டில் அவர் சேர்ந்தாற்போல அத்தனை நேரம் உடம்பை அசைத்து நான் பார்த்ததில்லை.

இதைக் கேட்கும் எவருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. சாகக் கிடக்கிறவருக்கு விளையாட்டா என்றார் எதிர்வீட்டுக்காரர். ஆனால், மருத்துவ உலகம் இதைச் சிரித்துவிட்டுப் போகவில்லை. உட்கார்ந்த இடத்தில் பொத்தானை அழுத்தும் விளையாட்டு வேறு, உடம்பை அசைத்தால்தான் நகரும் விளையாட்டு வேறு. நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘வீ’ 2006இல் வந்தது. கூடவே, காலால் ஏறி நிற்கும் பலகையோடு ‘வீ ஃபிட்’ அடுத்த ஆண்டே ஜப்பானில் வெளியானது. 2010இல் மைக்ரோசாஃப்டின் ‘கினெக்ட்’. அதில் கையில் எதுவுமே பிடிக்க வேண்டாம்; டிவிக்கு மேலிருக்கும் கேமரா நம் உடம்பையே பார்த்துக்கொள்ளும். வீட்டு விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட இவற்றைப் பத்தாண்டுகளுக்கு முன்பே நுரையீரல் மருத்துவர்கள் தங்கள் வார்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஏன் போனார்கள் என்பதற்கு நோயைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். இந்த நோயில் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் பெரும்பாடு. முன்வாசல் வழியே ஆள் இறங்குவதற்குள் பின்வாசலில் கூட்டம் ஏறினால் டவுன் பஸ் என்ன ஆகும்? அதுதான் நெஞ்சுக்குள் நடக்கிறது. வேகமாக நடந்தால் வேகமாக மூச்சு இழுக்கிறோம். பழைய காற்று முழுதாக வெளியேறும் முன் புதியது ஏறி நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. பயந்துபோய் உட்காருகிறோம். உட்கார உட்காரத் தொடைச் சதை கரைகிறது. சதை கரைந்த கால், முன்பு செய்த அதே வேலைக்கு இப்போது அதிக மூச்சைக் கேட்கிறது. நோய் பாதி, உட்கார்ந்தது பாதி என்று சேர்ந்து ஆளைக் கட்டிலில் தள்ளுகின்றன. முதல் பாதியைத் திருப்ப முடியாது, இரண்டாவதை முடியும்.

அதற்குப் பெயர் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. நடை, சைக்கிள், கைகளுக்கு எடைப் பயிற்சி, மூச்சு விடும் முறை, நோயைப் பற்றிய அறிவு எல்லாம் சேர்ந்து ஆறு முதல் பன்னிரண்டு வாரம். இது பலன் தருமா என்பதில் இன்று சந்தேகமே இல்லை. 65 ஆய்வுகளை, 3,822 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, 2015இல் இந்தக் கேள்வியையே மூடிவிட்டது. வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டு இனியும் ஆய்வு தேவையில்லை, அடுத்த வேலையைப் பாருங்கள் என்பதுதான் அதன் பொருள். மருத்துவத்தில் இப்படி ஒரு கேள்வி முடிந்துபோவது அபூர்வம்.

ஆனாலும் யாரும் போவதில்லை. அமெரிக்காவில் சிஓபிடிக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்து வீடு திரும்பிய 1,97,376 முதியவர்களின் காப்பீட்டுக் கணக்கை ஆராய்ந்து 2020இல் ஒரு கட்டுரை வெளியானது. தொண்ணூறு நாட்களுக்குள் பயிற்சியைத் தொடங்கியவர்கள் 1.5 சதவீதம். அவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 7.3 சதவீதம், தொடங்காதவர்களில் 19.6 சதவீதம். தெம்பாக இருப்பவர்தான் பயிற்சிக்குப் போகிறார் என்பதும் இந்த வித்தியாசத்தில் கலந்திருக்கும். முழுப் பெருமையையும் பயிற்சிக்கே கொடுத்துவிட முடியாது. அதைக் கழித்தாலும் அந்த 1.5 என்ற எண் உறுத்துகிறது. காப்பீடு இருக்கும், கார் இருக்கும் நாட்டில் அந்த நிலை. மூச்சு விடவே முடியாதவரை வாரம் மூன்று நாள், இரண்டு பஸ் மாறி, மாவட்டத் தலைநகருக்கு வா என்று சொல்லும் நம் நிலையை விளக்க வேண்டுமா?

இங்கேதான் விளையாட்டு நுழைகிறது. கனடாவின் மான்ட்ரியலில், நோய் முற்றி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த 32 பேருக்கு மறுவாழ்வுப் பயிற்சியின் ஓர் அங்கமாக வீ ஆட்டத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி அவர்களால் பாதுகாப்பாகவே ஆட முடிந்தது. பெரும்பாலோருக்குப் பிடித்தும் இருந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் 20 பேர் தங்கள் வீட்டிலேயே பன்னிரண்டு வாரம் வீ ஃபிட் ஆடினார்கள். ஒரே வேகத்தில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்து நடக்க முடியும் என்ற சோதனையில் அவர்களுக்குச் சராசரியாக இரண்டு நிமிடம் கூடியது. இரண்டு நிமிடம் சும்மாவா? வீட்டிலிருந்து ரேஷன் கடைக்கும் அடுத்த திண்ணைக்கும் உள்ள வித்தியாசம் அது.

எனக்குப் பிடித்த ஆய்வு போலந்தில் நடந்தது. செக் எல்லையோரம் மலையடிவாரத்தில் இருக்கும் குவுகொவாசி என்ற சிற்றூரின் மருத்துவமனை அது. நோயாளிகள் இரண்டு வாரம் தங்கிப் பயிற்சி எடுக்கும் இடம். 106 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான பயிற்சியோடு சைக்கிள். இன்னொன்றுக்கு அந்த இரண்டோடும் கினெக்ட் ஆட்டம். மூன்றாவதற்கு சைக்கிளை எடுத்துவிட்டு ஆட்டம் மட்டும். 2020இல் வெளியிட்ட முடிவில், பயிற்சியோடு கூடுதலாகவும் ஆட்டம் பயன்படுகிறது, சைக்கிளுக்குப் பதிலாகவும் பயன்படுகிறது என்றார்கள். எண்களைவிட அந்தக் காட்சிதான் எனக்கு முக்கியம். ஆயுள் முழுக்க உழைத்து ஓய்ந்த ஒருவர், ஆஸ்பத்திரிச் சட்டையோடு திரையின் முன் நின்று ஆடுகிறார். எதிரே வரும் பந்தைத் தடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு நிமிடம் தன் மூச்சை எண்ண மறந்துபோகிறார்.

அந்த மறதிதான் விஷயம். ட்ரெட்மில்லில் ஏறியவருக்கு எதிரே சுவர்தான். தன் மூச்சையே கேட்டுக்கொண்டு நடக்கிறார். அது சத்தமாகக் கேட்கக் கேட்க பயம் ஏறுகிறது. விளையாட்டில் கவனம் வெளியே இருக்கிறது. வயலில் பாட்டுப் பாடி நாற்று நட்டவர்களுக்கு இதை யாரும் ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஆளுக்கொரு பெட்டி வாங்கிக் கொடுத்துவிடலாமா? கூடாது. இந்த ஆட்டங்களைச் செய்தவர்கள் மனதில் இருந்தது நோயில்லாத உடம்பு. பெரியம்மாவின் உடம்பு அல்ல. கையைத் தலைக்கு மேலே தூக்குவதை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒன்றுமில்லை. சிஓபிடி நோயாளிக்கு அதுதான் மலை. நெஞ்சு தனியாகச் சமாளிக்க முடியாமல், கழுத்துச் சதையும் தோள்பட்டைச் சதையும் மூச்சு இழுப்பதற்கு ஒத்தாசையாக ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கின்றன. இவர்கள் திண்ணையில் முன்னால் குனிந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி உட்காருவது ஏன் என்று நினைக்கிறீர்கள்? தோளுக்கு ஓர் ஊன்றுகோல் கொடுக்கத்தான். அந்தக் கையைப் பிடுங்கி, மேலே தூக்கி மஞ்சள் பந்தை அடி என்றால், மூச்சுக்கு உதவிக்கொண்டிருந்த ஆளை வேறு வேலைக்கு அனுப்பியது போல. தலைசீவும்போதும் கொடியில் துணி காயப்போடும்போதும் இவர்களுக்கு இரைப்பதன் காரணமும் இதுவே. அதற்காகக் கையைத் தூக்கவே கூடாது என்றில்லை. தூக்கிப் பழக்கத்தான் வேண்டும், அளவாக, இடைவெளி விட்டு. கடையில் கிடைக்கும் ஆட்டத்துக்கு அந்த அளவு தெரியாது. பந்துகள் வந்துகொண்டே இருக்கும்.

குதிக்கச் சொல்லும் ஆட்டங்கள் இன்னும் மோசம். ஸ்டீராய்டு மாத்திரைகள் பல முறை சாப்பிட்ட எலும்பு, விழுந்தால் முறியும். இளைஞர்களையே இது சும்மா விடுவதில்லை: வீ டென்னிஸ் ஆடி ஆடித் தோள் தசைநார் வீங்கிப்போன 29 வயது ஸ்பானிய மருத்துவர் ஒருவர், அதற்கு வேடிக்கையாக ஒரு நோய்ப் பெயரும் சூட்டி, 2007இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். நோயாளி அவரேதான்.

மரியாதை என்று ஒன்றும் இருக்கிறது. வீ ஃபிட் பலகையில் ஏறினால் எடையைப் பார்க்கும்; அதிகமென்றால், திரையில் இருக்கும் நம் பொம்மையை ஊதிப் பெருக்கிக் காட்டும். பத்து வயதுச் சிறுமியைக் குண்டு என்று சொல்லிவிட்டது என்று 2008இல் பிரிட்டனில் சண்டையாகி, நிறுவனம் வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. நோயில் உருகி எலும்பும் தோலுமாக நிற்பவரிடம் அந்தப் பெட்டி என்ன சொல்லும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் சொல்லும் என்பதால் நம் ஊரில் தப்பித்தோம்.

இன்னொன்றை ஆய்வாளர்கள் மெல்லத்தான் பேசுகிறார்கள். மேலே சொன்ன விளையாட்டு ஆய்வுகள் எல்லாம் சிறியவை, வாரக்கணக்கில் முடிந்தவை. ஆறு மாதம் கழித்தும் ஆடினார்களா என்பதுதான் கேள்வி. புதுப் பெட்டியின் மோகம் எந்த வீட்டில் எத்தனை நாள் நிற்கும் என்பது நமக்குத் தெரியாததா? அதற்குள் பெட்டியே செத்துப்போகிறது. உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேல் விற்ற வீ இன்று உற்பத்தியில் இல்லை. கினெக்ட் தயாரிப்பை 2017இல் நிறுத்திவிட்டார்கள். ஒரு மருந்து வேலை செய்கிறது என்று நிரூபித்து முடிக்கும்போது அந்த மருந்துக் கம்பெனி கடையை மூடிவிட்டது போன்ற நிலை. அரசு டெண்டர் விட்டு ஏதாவது ஒரு கம்பெனியின் பெட்டியை ஆயிரக்கணக்கில் வாங்கி ஆரம்ப சுகாதார நிலையங்களில் அடுக்குமானால், ஐந்தாண்டில் அவை எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும்: பழைய நாற்காலிகளுக்கும் ஓடாத இன்வெர்ட்டருக்கும் நடுவில்.

நான் சொல்ல வருவது வேறு. விளையாட்டு ஒரு சாக்கு. நோயாளியை நாற்காலியிலிருந்து எழுப்ப ஒரு நல்ல சாக்கு, அவ்வளவுதான். சிகிச்சை என்பது அசைவும், அந்த அசைவின் அளவைச் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆளும். இந்த இரண்டும் வீட்டுக்கே வர முடியுமா என்பதற்குப் பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் 166 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை மையத்துக்கு வரச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரின் வீட்டுக்கு பிசியோதெரபிஸ்ட் ஒரே ஒரு முறை போனார். அதன் பிறகு வாரம் ஒரு போன். எட்டு வார முடிவில் வீட்டுப் பிரிவு மற்றதற்குச் சளைக்கவில்லை. பயிற்சியை முடித்தவர்கள் மையத்தில் பாதிப் பேர்தான். வீட்டில் பத்தில் ஒன்பது பேர். 2017இல் வெளியான ஆய்வு. பெட்டி கிடையாது, திரை கிடையாது. நடையும் போனும் மட்டும்.

வீட்டிலேயே முடியும் என்று உலகத்துக்கு முதலில் காட்டிய ஊர்களில் ஒன்று நம்முடையது என்பதைப் பலர் மறந்துவிட்டோம். காசநோய்க்கு மருந்தில்லாத காலத்தில் டாக்டர் சவுரி முத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியத்தின் சிகிச்சை ஓய்வு, காற்று, சாப்பாடு. மருந்து வந்த பிறகும், சானடோரியத்தில் படுத்தால்தான் குணமாகும் என்றே மேல்நாடுகள் நம்பின. சேத்துப்பட்டில் 1956இல் அமைந்த காசநோய் ஆய்வு மையம் அந்த நம்பிக்கையைச் சோதித்தது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை நெரிசலான வீடுகளிலும் வைத்து, ஓராண்டு ஒரே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டம், ஓய்வு குறைவு, இடமும் இல்லை. இருந்தும் முடிவு கிட்டத்தட்ட ஒன்றுதான். வீட்டில் இருந்தவர்களுக்கும் நோய் தணிந்தது. உடன் வாழ்ந்தவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் அது வெளியானதும் உலகம் முழுக்கச் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. அந்த நிறுவனம் இன்றும் சேத்துப்பட்டில்தான் இருக்கிறது.

அதே துணிவோடு இன்று சோதிக்க வேண்டியது, இரைப்பு நோயாளிகளுக்கு வீட்டிலேயே விளையாட்டோடு கூடிய பயிற்சியை. நோயாளிகளைத் தேடி அலைய வேண்டாம். திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், புகைப்பழக்கம் இல்லாத 30 வயதைக் கடந்த 900 பெண்களைப் பரிசோதித்து, அவர்களில் 2.44 சதவீதத்தினருக்கு சிஓபிடி இருப்பதாக 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. சிகரெட்டைத் தொடாத பெண்கள் அவர்கள். பெரியம்மாவைப் போல அடுப்படியில் வாங்கிய நோயாக இருக்கலாம். சமையல் எரிவாயு வந்துவிட்டது, உண்மை. ஏற்கெனவே கருகிய நுரையீரல்களுக்கு அது காலம் கடந்து வந்த சிலிண்டர்.

ஆட்கள்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே போகிறார். ரத்த அழுத்தமும் சர்க்கரையும்தான் அத்திட்டத்தில் முதலில் கண்ணில் படுபவை. இரைப்பு நோயாளிகளையும் அந்தப் பட்டியலில் ஏற்றி, வீட்டுக்கு ஒரு முறை வந்து பயிற்சியைக் காட்டிவிட்டு, வாரம் ஒரு போன் பேசினால் மெல்பர்ன் கணக்கு நம்மிடமும் வரும். திரை? வீ வந்த அதே 2006இல்தான் தமிழ்நாட்டில் இலவச கலர் டிவி கொடுக்கத் தொடங்கினார்கள். திரைக்குப் பஞ்சமில்லாத நாடு இது. இப்போது கையில் இருக்கும் போனின் கேமராவே உடம்பின் அசைவைப் படித்துவிடுகிறது. தனிப் பெட்டியே வேண்டியதில்லை. நம் பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் எத்தனையோ பிராஜெக்ட் செய்து பைண்டு போட்டு அடுக்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு வேலை.

அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எங்கள் ஊர்ப் பெண்களைப் பந்து உருட்டவும் குத்துச்சண்டை போடவும் அனுப்பாதீர்கள். புளியம்பழம் பொறுக்கட்டும், முறத்தில் புடைக்கட்டும், கும்மி கொட்டட்டும். கும்மியில் கை பெரும்பாலும் தோளுக்குக் கீழேதான் இருக்கிறது. குனிந்து நிமிர்வதற்கு ஒரு தாளம் இருக்கிறது. தாளத்தை வேண்டிய மட்டும் மெதுவாக்கலாம். குனியும்போது உதட்டைக் குவித்து மெல்ல ஊது, நிமிரும்போது மூக்கால் இழு என்று குரல் தமிழில் சொல்லட்டும். மூச்சை உதட்டால் நீட்டி ஊதினால் மூச்சுக்குழாய் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் பழைய காற்று வெளியேறும். ஊதாங்குழல் பிடித்த உதடுகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நேரமே ஆகாது. நடுவில் ஆட்டம் நின்று காத்திருக்க ஓர் இடைவெளி வேண்டும். ஆடும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் போட்ட ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை விரலில் மாட்டி, 88க்குக் கீழே போனால் ஆட்டம் தானாக நிற்க வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம் என்றாலும் அப்படியே. ஆடத் தொடங்கும் முன் டாக்டர் ஒருமுறை பார்த்துவிடுவது கட்டாயம். இதயமும் சேர்ந்து பழுதாகியிருப்பவர்கள் இவர்களில் நிறைய.

பேரன் ஆறாம் நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு பெங்களூர் போய்விட்டான். அவன் சாமான், அவன் கொண்டுபோனான். நான்கு மணிக்கு பெரியம்மா டிவியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போனில் பேசினேன். முதலில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளந்து சொல்லுங்கள், நாற்காலி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், நேராக 30 மீட்டர் பாதை வேண்டும், ஆஸ்பத்திரியில் வராந்தாவில் செய்வோம் என்றார். கிராமத்து வீட்டில் 30 மீட்டருக்கு எங்கே போவது? கொத்தனாரிடம் டேப் வாங்கி வாசல்படியிலிருந்து தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை அளந்தேன். 34 மீட்டர். நான்கு மீட்டரை விட்டுவிட்டு சாக்கட்டியால் இரண்டு கோடு போட்டோம். முதல் நாள், மூன்று முறை உட்கார்ந்து, 110 மீட்டர். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதிவைத்திருக்கிறேன்.